கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்பவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மந்தைவெளியில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி கபாலி கோயிலுக்குள் போகும்போது நான் வெளியே அவளுடைய செருப்புக்குக் காவலாக நிற்பேன். தெரிந்தவர்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். லிப்டில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டு வாசலில், எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள். பதிலை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் வாய் வலிக்காது என்றுதான் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் என் சொந்த அபிப்பிராயம். தத்துவம் படித்து நான் பட்டம் வாங்கியதில்லை.

சார், நீங்க சாமி கும்பிடுவீங்களா மாட்டீங்களா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கும்பிடுவதில்லை. உலகத்தைப் படைத்து, நம் வீட்டுப் பிள்ளையின் பரீட்சை மார்க் வரை கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இல்லவே இல்லை என்று நிரூபிக்க வா என்றால் அதற்கும் என்னிடம் சரக்கு இல்லை.

வீட்டில் விளக்கு எரிகிறது. ஏற்றுவது மனைவி, எண்ணெய் தீர்ந்தால் வாங்கி வருவது நான். நவராத்திரிச் சுண்டலை மறுத்ததில்லை. இதனால் எங்கள் இருவருக்கும் சண்டை வந்ததில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் குழப்பம்.

ஓ, அப்போ நீங்க பெரியார் ஆளா?

என்னைப் போன்ற ஒருவன் தெருவில் நின்று ‘கும்பிடுவதில்லை’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வீடு திரும்ப முடிகிறதே, அதற்குப் பெரியாருக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஊரில் சந்தேகத்துக்கு அவரைவிட வயது அதிகம். அவர் சிறுவனாக இருந்த 1880களிலேயே, கடவுளையும் மதத்தையும் கேள்வி கேட்டவர்களின் சென்னை இலௌகிக சங்கம் இங்கே இருந்தது. தத்துவ விவேசினி என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையையும் நடத்தினார்கள்.

கோயிலை விட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் கவனியுங்கள். ராயப்பேட்டையிலிருந்து 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர் பௌத்தத்துக்குப் போனார். ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்று கேட்ட சிவவாக்கியரோ நாதன் உள்ளே இருக்கிறான் என்று நம்பியவர். இத்தனை வகை இருக்கும்போது ‘யார் ஆள்’ என்ற கேள்வியால் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது.

கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன். நான் சொல்றது கரெக்ட்தானே தாத்தா?

மேல் மாடிக் கல்லூரிப் பையன் கேட்டது. நான் தன் கட்சி என்று நினைத்துக் கேட்டான், ஏமாந்துபோனான். மணிமேகலையில் இதே பேச்சைப் பேசும் ஒரு பூதவாதி, அதாவது எல்லாம் பூதங்களின் சேர்க்கைதான் என்பவன், வருகிறான். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கும் இடம் அது. காட்சியை, அதாவது நேரில் கண்டறிவதைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்கிறான் அவன். உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை திருப்பிக் கேட்கிறாள்.

நான் சாமி கும்பிடாததற்குக் காரணம் கண்ணில் படவில்லை என்பது மட்டும் இல்லை. மின்சாரமும் கண்ணில் படுவதில்லை, தொட்டால் தெரிகிறது. சொல்லும் காரணமும் நடப்பதும் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். அதற்குமேல் கறாராக இருந்தால் வரலாறு, வானியல் எதையுமே நம்ப முடியாது தம்பி.

அப்போ வேண்டுதல் பலிக்குதே, அது எப்படி?

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விசா பிள்ளையார் இருக்கிறார். விசா கிடைத்தவர்கள் திரும்ப வந்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிடைக்காதவர்கள் அடுத்த கோயிலுக்குப் போய்விடுகிறார்கள் அல்லது மறுபடி விண்ணப்பம் போடுகிறார்கள். கோயில் வாசலில் நம் காதில் விழுவது முதல் வகைக் கதை மட்டும்தான்.

வேண்டிக்கொண்டதால் நேர்காணலில் கை நடுங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நம்புவேன்.

கடவுள் பயம் இல்லேன்னா மனுஷன் எப்படி ஒழுங்கா இருப்பான்? அவனவன் இஷ்டத்துக்கு ஆடுவானே?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். கடவுள் இல்லை என்று நாளைக் காலை சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். பக்கத்து வீட்டுப் பூட்டை உடைப்பீர்களா? இதுவரை ஒருவர்கூட ‘ஆமாம்’ என்று சொன்னதில்லை. ‘நான் மாட்டேன் சார், மத்தவன் செய்வானே’ என்பார்கள். பயம் எப்போதும் அடுத்தவனுக்குத்தான் தேவைப்படுகிறது. நமக்கென்று வந்தால் நம் மனசாட்சியே போதும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மத்தவனிடம் போய்க் கேட்டால் அவனும் நம்மைக் கை காட்டுவான்.

பயத்தால் ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணாசாலையில் கேமரா இருக்கும் சிக்னலில் கோட்டைத் தாண்டாமல் நிற்கிறோம். கேமரா இல்லாத அடுத்த சிக்னலில் என்ன செய்கிறோம் என்பதும் தெரியும். பயந்து செய்கிற நல்லதற்கு அந்த அளவுதான் ஆயுள். போதாததற்கு, கடவுள் விஷயத்தில் அபராதத்தைக் கட்டிவிடவும் வழி இருக்கிறது. ஊரை ஏய்த்தவர் உண்டியலில் ஒரு பங்கு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்.

ஆசை காட்டுவதும் இதே ரகம். சொர்க்கத்துக்காகச் செய்கிற தர்மத்தை நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே கேலி செய்திருக்கிறார்கள். புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வள்ளல் ஆயைப் புகழ்கிறார். இந்தப் பிறவியில் கொடுத்தால் அடுத்த பிறவியில் கிடைக்கும் என்று கணக்குப் போடும் ‘அறவிலை வணிகன்’ ஆய் இல்லை, சான்றோர் போன வழி இது என்பதால் கொடுக்கிறான், இதுதான் புகழ்ச்சி. வள்ளுவர் இன்னும் நேரடி: ‘மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று.’ மேலுலகம் உண்டா இல்லையா என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்கிறார். ஆயுள் முழுக்கப் பற்றும் வரவும் எழுதிய எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் பேரேட்டை மூடி வைக்கச் சொல்வது பிடித்திருக்கிறது.

கடவுள் சொல்லலேன்னா எது நல்லது எது கெட்டதுன்னு யார் தீர்மானிக்கிறது? ஆளுக்கொரு நியாயம் ஆயிடாதா?

சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்கத்தில் பிளேட்டோ இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா? முதலாவது என்றால், அவர் நாளைக்கு வேறொன்றை விரும்பினால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நல்லது என்பது அவருக்கு முன்பே இருக்கிறது.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல பிளேட்டோ வேண்டாம், சிறுத்தொண்டரே போதும். பங்குனியில் அறுபத்து மூவர் உலா வரும்போது அவரும்தான் வருகிறார். சிவனடியார் கேட்டார் என்று பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைத்தவர். பிள்ளை உயிரோடு திரும்பி வந்தான் என்று கதை முடிகிறது, சரி. ஆனால் சமைக்கும் இடத்தைக் கேட்கும்போது பரம பக்தருக்கும் வயிற்றைக் கலக்குகிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஆண்டவன் கேட்டான் என்பதோடு நின்றிருந்தால் கலங்க வேண்டியதே இல்லை. சாந்தோமில் இருக்கும் நண்பரிடம் இதையே, ஆண்டவன் கேட்டான் என்று மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமை வைத்துப் பேசியிருக்கிறேன். திருவல்லிக்கேணி நண்பரிடம் இப்ராகீம் நபியை வைத்துப் பேசினேன். மூவருக்கும் நெஞ்சு ஒரே இடத்தில்தான் பதறியது. வேதம் எது சொன்னாலும் அதை எடை போட நம்மிடம் ஏதோ ஒன்று முன்பே இருக்கிறது.

ஆளுக்கொரு நியாயம் ஆகிவிடுமா என்றால், ஆகாமல் தடுக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. தனக்கு எது வலிக்கிறது என்று தெரிந்தவன் பிற உயிருக்கு அதை எப்படிச் செய்கிறான் என்று 318ஆம் குறள் கேட்கிறது. நான் நியாயம் என்று சொல்வதை, அடி வாங்குகிறவன் இடத்தில் நின்றும் சொல்வேனா? பெரும்பாலான ‘ஆளுக்கொரு நியாயம்’ இதிலேயே விழுந்துவிடும்.

மனுஷன் பிறவியிலேயே நல்லவனா, கெட்டவனா?

அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்து 1973இல் வெளியிட்டார்கள். பாதிரியாராகப் படிக்கும் 40 பேர். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மதகுருவே தாண்டிப் போக, ஒதுக்கப்பட்ட இனத்தான் ஒருவன் நின்று காப்பாற்றிய பைபிள் கதை அது. மாணவர்கள் நடந்து போகும் சந்தில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார், சோதனைக்காக அமர்த்தப்பட்டவர். நிறைய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். ஏற்கனவே தாமதம், ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பது குறிப்பிடும்படியான வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

இந்த ஊரை வைத்தே பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து, முன்பின் தெரியாதவர்களை வீட்டு மாடிகளிலிருந்து இறக்கினார்கள். கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றிலும் யார் என்று கேட்காமல் சாப்பாடு போட்டார்கள். அதே ஜனங்கள்தான் சாதாரண ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பைக்கிலிருந்து விழுந்து கிடப்பவரைச் சுற்றிக்கொண்டு போகிறோம். வெள்ளத்தன்று யாருக்கும் ஆபீஸ் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

அதனால் ‘அவன் நல்லவன், இவன் கெட்டவன்’ என்று முத்திரை குத்துவதை நான் பெரும்பாலும் நிறுத்திவிட்டேன். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஓரிருவர் விஷயத்தில் இன்னும் முடியவில்லை.

விதின்னு ஒண்ணு இருக்கா? எல்லாம் தலையெழுத்துன்னா எதுக்கு முயற்சி பண்ணணும்?

இதில் வள்ளுவர் முரண்படுகிறார் என்று பலர் சொல்வார்கள். 380ஆம் குறளில் ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்கிறார். 620இல் சோர்வில்லாமல் முயல்கிறவர் ஊழையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்கிறார்.

இரண்டையும் நான் படிக்கும் விதம் இது. 380 அடுத்தவன் தோற்கும்போது நான் நினைத்துக்கொள்ள வேண்டியது. பாவம், அவன் கையில் இல்லாதது எவ்வளவோ இருந்திருக்கும். 620 நான் சோர்ந்து உட்காரும்போது எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. நடைமுறையில் நாம் அப்படியே மாற்றிச் செய்கிறோம். நம் பிள்ளைக்கு சீட் கிடைக்கவில்லை என்றால் நேரம் சரியில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றால் அவன் ஒழுங்காகப் படிக்கவில்லை. வள்ளுவர் என்ன நினைத்து எழுதினார் என்று பந்தயம் கட்ட மாட்டேன். எனக்கு இந்தப் பிரிப்பு உபயோகமாக இருக்கிறது.

நல்லவங்களுக்கே ஏன் சார் கஷ்டம் வருது? பூர்வ ஜென்ம பாவமா?

எனக்குத் தெரிந்து இதற்கு மிக நேர்மையான பதில் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் இருக்கிறது. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இப்படிப் படைத்தவன் ‘பண்பிலாளன்’ என்று கடவுளையே திட்டிவிடுகிறார். சமாதானம் எதுவும் சொல்ல வரவில்லை. உலகம் கொடியதுதான், அதன் இயல்பை உணர்ந்து இனியதைக் கண்டுகொள்ளுங்கள் என்று முடிக்கிறார்.

காரணம் கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் பெரிய மனிதர்களாக இருந்தாலும் சறுக்குகிறார்கள். 1934 ஜனவரி 15இல் பீகாரில் நிலநடுக்கம். அந்த மாதமே திருநெல்வேலிக் கூட்டத்தில் காந்தி, இது தீண்டாமைப் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசினார். தாகூர் கடுமையாக மறுத்து எழுதினார், காந்தியும் அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டார். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஆனால் இடிந்த வீட்டில் செத்த குழந்தைக்கும் தீண்டாமைக்கும் என்ன சம்பந்தம்? 2004 சுனாமிக்கு அப்புறம் நம் கடற்கரையிலும் இப்படி எவ்வளவோ காரணங்கள் உலவின. பிள்ளையைப் பறிகொடுத்த பட்டினப்பாக்கத்துத் தாயின் முகத்துக்கு நேரே அவற்றைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

கர்மா இல்லேன்னா அநியாயம் பண்ணவன் தப்பிச்சிடுவானே? அது நியாயமா?

நியாயம் இல்லை. பலர் தப்பித்துத்தான் போகிறார்கள். அது பொறுக்காமல்தான் கர்மாவை நாடுகிறோம் என்பதும் புரிகிறது. ஒருவர் தன் துன்பத்தைத் தாங்க ‘என் வினை’ என்று சொல்லிக்கொண்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அதையே அடுத்தவரைப் பார்த்து ‘உன் வினை’ என்று திருப்பும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. விதியைப் பற்றிச் சொன்னதே இங்கேயும்.

பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மலத்தை மனிதன் கையால் அள்ளுவதற்கு 1993இலேயே ஒரு தடைச் சட்டம், சாக்கடையையும் சேர்த்து 2013இல் இன்னும் கடுமையாக இன்னொன்று. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இத்தனைக்கும் பிறகு விஷவாயுச் சாவுச் செய்தி வருகிறது. இறங்கியவன் முற்பிறவியில் செய்த பாவம் என்று நம்புகிறவருக்கு இயந்திரம் ஏன் வரவில்லை, டெண்டர் எடுத்தவர் யார் என்றெல்லாம் கேட்கத் தோன்றாது. கணக்கை மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டால் கீழே தணிக்கை நடக்காது.

சிக்னல்ல பிச்சை கேட்டா குடுக்கலாமா? பின்னாடி பெரிய கும்பலே இருக்குங்கறாங்களே.

ஔவையார் ஆத்திசூடியில் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்று சொன்ன கையோடு அடுத்த வரியிலேயே ‘ஐயம் இட்டு உண்’ என்கிறார். நாம் முதல் வரியை எதிரில் கை நீட்டுகிறவருக்கும், இரண்டாவதை ஊர்ப் பணக்காரருக்கும் அனுப்பிவிடுகிறோம். இரண்டும் படிக்கிற பிள்ளைக்குத்தான் எழுதப்பட்டவை: நீ கை நீட்டாதே, நீ கொடு.

நடைமுறைக்கு வருகிறேன். கைக்குழந்தையைக் காட்டிக் கேட்பவர்களுக்கு நான் பணம் தருவதில்லை, குழந்தையை வெயிலில் நிறுத்துவது லாபமாகிவிடும் என்ற பயம். முதியவர்களுக்குத் தருகிறேன். ஏமாந்தால் பத்து ரூபாய், போகட்டும். கும்பல் இருக்கிறது என்று காரணம் சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தக் காசை வேறு நல்ல இடத்துக்குக் கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஏழுகிணற்றில் வெகுகாலம் வாழ்ந்த வள்ளலார் பிறகு வடலூரில் 1867இல் தருமசாலை தொடங்கினார். அங்கே இலை போடும் முன் விசாரணை கிடையாது.

நீங்க மீன் சாப்பிடுறீங்க. அப்புறம் எப்படி உயிர் இரக்கம் பத்திப் பேசறீங்க?

இதில் எனக்கு நல்ல பதில் இல்லை. வள்ளுவருக்குப் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே உண்டு. வள்ளலாரும் இதில் துளியும் விட்டுக்கொடுக்காதவர். மேலே சொன்ன 318ஆம் குறளில் ‘மன்னுயிர்’ என்றுதான் இருக்கிறது, மனிதர் என்று இல்லை. வாதத்தில் தோற்றுவிட்டு காசிமேட்டு வஞ்சிரத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ‘சைவம் மட்டும்’ என்று வாடகைக்குப் பலகை மாட்டுபவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர் ஆட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. யார் தன் வீட்டுக்குள் வரக் கூடாது என்று பெயர் சொல்லாமல் சொல்கிறார். நேரில் பேசிப் பார்த்தால் இரண்டாவது கேள்வியே ‘நீங்க என்ன ஆளுங்க’ என்றுதான் வரும்.

அம்மாவுக்கு கேன்சர். அவங்ககிட்ட சொல்லாம மறைக்கிறோம். இது பாவமா அண்ணா?

பாவ புண்ணியத்தை விடுங்கள் தங்கச்சி. ஜெர்மன் தத்துவவாதி கான்ட், கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார். நம் ஊரில் யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த’ என்று வள்ளுவரை இழுத்துவந்து நிறுத்துவார்கள். அந்தக் குறளின் மிச்சத்தையும் படிக்க வேண்டும். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’, குற்றமில்லாத நன்மை தந்தால் மட்டும்தான்.

யாருக்கு நன்மை என்று பாருங்கள். பல வீடுகளில் மறைப்பது நோயாளிக்காகவா, அவர் அழுவதைப் பார்க்க நமக்குத் தெம்பில்லாததாலா? அம்மாவுக்கு வங்கி லாக்கர் சாவியை யாரிடம் கொடுப்பது என்ற யோசனை இருக்கலாம். தம்பியோடு பேச்சு விட்டுப்போயிருக்கலாம், ஊருக்கு ஒருமுறை போய்வர ஆசை இருக்கலாம். ஆறு மாதத்தை நாம் மறைத்தால் அந்த ஆறு மாதத்தில் அவர் செய்ய நினைப்பதும் போய்விடும். அவர்களுக்குப் பாதி தெரிந்தும் இருக்கும். தினமும் அதே வார்டில் மற்றவர்களைப் பார்க்கிறார்கள்.

இதை எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்ல மாட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் உண்டு. அதனால் அவரிடமே கேளுங்கள்: ‘டாக்டர் சொல்றதை உன்கிட்டயே சொல்லச் சொல்லட்டுமாம்மா, இல்ல நாங்க கேட்டுக்கணுமா?’ அவர் எதைச் சொல்கிறாரோ அப்படி. ‘எனக்கு எதுவும் சொல்லாதே’ என்றாலும் அது அவர் எடுத்த முடிவு.

நம்பிக்கை இல்லேங்கிறீங்க, ஆனா அப்பாவுக்குத் திதி குடுக்கறீங்களே. வேஷம்தானே?

என் அம்மா இருந்தவரை அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அப்பா வந்து குடிப்பார் என்று நினைத்துச் செய்யவில்லை, அம்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனபின் அதை விட்டுவிட்டேன். அந்த நாளில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலுக்கு அரிசி கொடுக்கிறேன். இதற்கும் ஏதாவது பெயர் வைப்பார்கள், வைக்கட்டும்.

எது வேஷம் என்றால், நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்டி அதனால் ஆதாயம் தேடுவது. தேர்தல் நேரத்தில் எல்லாக் கோயிலிலும் தர்காவிலும் மண்டியிடுகிறவர்களைப் பார்த்து இதைக் கேளுங்கள்.

என் பொண்ணு வேற மதத்துப் பையனைக் கட்டிக்கணும்கிறா. உங்க வீட்டுல நடந்தா இப்படிப் பேசுவீங்களா?

நடந்தது. எங்கள் மகள் வீட்டுக்காரர் கிறிஸ்தவர். என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. நான் தாராளமாகப் பேசினேன், ஆனால் சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணும் வேலையை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எனவே கொள்கையை விட்டுவிட்டு நடைமுறையைச் சொல்கிறேன்.

இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1967ஆம் ஆண்டுத் திருத்தப்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டத்துக்கு உட்பட்ட இருவருக்குத்தான் செல்லும். மதம் வேறு என்றால், யாரும் மாறாமல் கட்டிக்கொள்ள 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்துப் பதிவாளரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்பட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கிளப்பும் கலாட்டா எல்லாம் இந்த 30 நாளில்தான் நடக்கும், மண்டபம் பார்க்கும் முன் இதற்குத் தயாராகுங்கள்.

பிள்ளைகளிடம் ‘எந்த சாமி உசத்தி’ என்று விவாதிக்க வேண்டாம். பிறக்கும் குழந்தைக்குப் பெயர் யார் வைப்பது, பள்ளிக்கூட விண்ணப்பத்தில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது, மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வர முடியாது என்றால் பையன் வீட்டில் யார் பேசுவது, இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால் புதைப்பதா எரிப்பதா. இவற்றை இருவரையும் உட்கார வைத்து, கல்யாணத்துக்கு முன்பே பேசச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சம்பந்தி அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் இருவரும் முதன்முதலாக ஒரே பக்கம் நின்றது அப்போதுதான்.